தோல்வியை யார் தலையில் கட்டுவது?

11 ஏப்ரல் 2025, காலை

வாசகர் ஒருவர் கேட்டது: "ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் பார்த்தேன். யூரோப்பா லீக் காலிறுதி, லியோனோடு முதல் ஆட்டம் 2-2. இரண்டு கோலுமே ஓனானா போட்டுக்கொடுத்தது. இந்த ஆள் கீப்பராக இருக்கும்வரை மான்செஸ்டர் யுனைடெட் உருப்படாது. கோடி கோடியாகச் சம்பளம் வாங்குகிறவனை நாலு வார்த்தை திட்டினால் என்ன குறைந்துவிடும்?"

நானும் அதே ஆட்டத்தைத்தான் பார்த்தேன். லியோனின் அல்மாடா அடித்த ஃப்ரீ கிக் இடது ஓரத்திலிருந்து வளைந்து வந்தது. பாக்ஸுக்குள் இரண்டு அணி ஆட்களும் மொத்தமாகப் பந்தை நோக்கி ஓடுகிறார்கள். எவன் தலையில் பட்டாலும் திசை மாறிவிடும் என்பதால் கீப்பர் கடைசி நொடி வரை காத்திருக்க வேண்டும். பந்து யார் மேலும் படவில்லை, நேராக உள்ளே போய்விட்டது. ஓனானா விழுந்தார், ஆனால் தாமதமாக. அதைத் தடுத்திருக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பந்து கடந்து போன வழியில் நம் அணியின் பின்வரிசை முழுக்க நின்றதே, அவர்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. ஏன்?

11 ஏப்ரல், மாலை

இரண்டாவது கோலையும் சொல்லிவிடுகிறேன். 95வது நிமிடம். மிகாவ்தாட்சே அடித்த பந்தை ஓனானா முன்பக்கமாகத் தட்டிவிட்டார், அது செர்கியின் காலடிக்குப் போனது, கோல். பந்தைப் பக்கவாட்டில் தள்ளியிருக்க வேண்டும். சரி. ஆனால் 2-1 என்று முன்னிலையில் இருக்கும் அணி, ஆட்டம் முடியப் போகும் நேரத்தில், செர்கியை அவ்வளவு தனியாக விட்டது எப்படி? யோரோவும் ஸிர்க்ஸேயும் கோல் போட்டுத் தந்த முன்னிலை அது. கீப்பர் மட்டுமா அதைக் கைவிட்டார்?

இன்னொன்று. ஆட்டத்துக்கு முந்தைய நாளே லியோனின் மாத்திச், நம் பழைய ஆள், 'யுனைடெட் வரலாற்றிலேயே மோசமான கீப்பர்களில் ஒருவர்' என்று ஓனானாவைப் பற்றிச் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தவர்கள் எதைத் தேடிப் பார்த்திருப்பார்கள்? தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு அதற்குச் சாட்சி தேடும் வேலைதான் அந்த ராத்திரி நடந்தது.

14 ஏப்ரல், காலை

நேற்று நியூகாசிலோடு ஆட்டம். ஓனானாவை அணியிலேயே சேர்க்கவில்லை. பாயிந்திர்தான் கீப்பர். முடிவு 4-1, தோல்வி. நாலாவது கோல் எப்படி வந்தது என்று பார்த்தீர்களா? பாயிந்திர் அடித்த பந்து நேராக ஜோலிண்டனிடம் போய், அங்கிருந்து குய்மரேஸிடம் போய், உள்ளே விழுந்தது.

பாயிந்திரை இழுத்து வைத்துத் திட்ட இதைச் சொல்லவில்லை. 'இந்த ஆள் இருக்கும்வரை உருப்படாது' என்று சொன்னீர்கள். அந்த ஆள் இல்லாத முதல் ஆட்டத்திலேயே நாலு வாங்கினோம். ஹார்வி பார்ன்ஸ் இரண்டு கோல் போட்டார், இரண்டுமே நம் தடுப்பாளர்கள் பந்தை வைத்திருக்கத் தெரியாமலோ ஓடத் தெரியாமலோ கொடுத்தவை. இதற்குக் கீப்பரைத் தவிர வேறு காரணம் உண்டு என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

15 ஏப்ரல்

"சம்பளம் வாங்குகிறார்களே" என்பதை மூன்று பேர் திரும்பத் திரும்ப எழுதிவிட்டதால் இதற்குத் தனியாகவே பதில் சொல்கிறேன்.

ஹாரி மகுவையரை 2019 ஆகஸ்டில் லெஸ்டரிடமிருந்து 8 கோடி பவுண்டுக்கு வாங்கினோம். ஒரு தடுப்பாட்டக்காரருக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை. அந்த விலையைப் போட்டது லெஸ்டர், ஒத்துக்கொண்டது யுனைடெட். மகுவையர் பேரம் பேசும் மேஜையில் உட்காரவே இல்லை. ஆனால் அவர் கால் தடுக்கும் ஒவ்வொரு முறையும் '8 கோடி, 8 கோடி' என்று அவர் காதில்தான் ஓதினோம். விலைச்சீட்டை மாட்டினவன் ஒருத்தன், அதற்காக அடி வாங்கினவன் இன்னொருத்தன்.

2022 மார்ச் மாதம் வெம்ப்ளியில் ஐவரி கோஸ்டோடு நட்பு ஆட்டம். இங்கிலாந்து ஜெர்சி போட்டுக்கொண்டு வந்தவர்களே, அணி அறிவிக்கும்போது அவர் பெயருக்குக் கூச்சல் போட்டார்கள். இங்கிலாந்துக்காக மகுவையர் பெரும்பாலும் நன்றாகவே ஆடியவர். 2018 உலகக் கோப்பை அரையிறுதி வரையும் 2021இல் யூரோ இறுதி வரையும் அணியோடு வந்த ஆள். கிளப் மேல் இருந்த கோபத்தைத் தூக்கிக்கொண்டு தேசிய அணி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். 2023 செப்டம்பரில் கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்தோடு ஆடும்போது அவர் காலில் பட்டு சேம் சைடு கோல். அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் ஸ்காட்லாந்துக்காரர்கள் கேலியாகக் கைதட்டினார்கள். எதிரணி ஆட்கள் கேலி செய்வார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேலியை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? நாம்தான். அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவருடைய அம்மாவே வெளியே வந்து, என் பிள்ளைக்கு நடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்று எழுத வேண்டி வந்தது.

சம்பளம் ஆட்டத்துக்கு. ஒருவனுடைய அம்மாவை அந்த நிலைக்குக் கொண்டுவருவதற்கு எந்தச் சம்பளத்திலும் கணக்கு எழுதியிருக்க முடியாது.

15 ஏப்ரல், இரவு

ஒருவர்: "ரசிகனுக்குத் திட்டவே உரிமை இல்லையா?"

தாராளமாக உண்டு. 'அந்தப் பந்தைப் பக்கவாட்டில் தள்ளியிருக்க வேண்டும்' என்பது விமர்சனம். அதைக் கேட்டு ஒரு கீப்பர் திருத்திக்கொள்ள முடியும். 'இவன் இருக்கும்வரை உருப்படாது' என்பதை வைத்து ஒருவன் என்னதான் செய்ய முடியும்?

16 ஏப்ரல்

இந்த மாதம் 7ஆம் தேதியோடு பிரேசிலின் பழைய கீப்பர் மோவாசிர் பார்போசா இறந்து 25 வருஷம் ஆகிவிட்டது. கீப்பரைப் பற்றிய பேச்சு என்பதால் அவர் கதையைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

1950 ஜூலை 16, ரியோவின் மரக்கானா. பிரேசிலுக்கு டிரா ஆனாலே உலகக் கோப்பை. மைதானத்தில் கிட்டத்தட்ட 2 லட்சம் பேர். ஆட்டம் நடப்பதற்கு முன்பே பத்திரிகைகள் சாம்பியன் என்று படம் போட்டுவிட்டன. தேர்தல் வருஷம் வேறு, அரசியல்வாதிகள் அணி தங்கியிருந்த இடத்துக்கு வரிசையாக வந்து கை குலுக்கிவிட்டுப் போனார்கள். ஆட்டக்காரர்களுக்கு நிம்மதியாக ஒரு வேளைச் சாப்பாடு இறங்கியிருக்காது.

இடைவேளைக்குப் பிறகு ஃப்ரியாசா கோல் போட்டார், பிரேசில் 1-0. 66வது நிமிடம் உருகுவேயின் கிஜ்ஜா வலது ஓரத்தில் ஓடிவந்து உள்ளே பந்தைக் கொடுத்தார், ஸ்கியாஃபினோ அடித்தார், 1-1. 79வது நிமிடம் மறுபடி அதே கிஜ்ஜா, அதே ஓரம், அதே ஓட்டம். இப்போது பார்போசா இடத்தில் நின்று யோசியுங்கள். பதின்மூன்று நிமிடத்துக்கு முன்னால் இதே இடத்திலிருந்து உள்ளே கொடுத்துத்தான் கோல் வந்தது. கெட்டிக்காரக் கீப்பர் எவரும் அந்தப் பாஸை எதிர்பார்த்து ஓர் அடி எடுத்து வைப்பார். பார்போசா வைத்தார். கிஜ்ஜா பாஸ் கொடுக்காமல், பக்கத்துப் போஸ்டுக்கும் அவருக்கும் நடுவில் திறந்த இடைவெளியில் அடித்துவிட்டார். 2-1.

கிஜ்ஜாவை இரண்டு தரம் ஓடவிட்டது யார் என்று யாரும் நின்று கேட்கவில்லை. கோல் விழும்போது பக்கத்தில் நின்றவர் கீப்பர், அதனால் கீப்பர். கூடவே தடுப்பாட்டக்காரர்கள் பிகோடி, ஜுவெனால். மூவரும் கறுப்பினத்தவர்கள். இந்த மூவர் பெயரும்தான் காலத்துக்கும் நின்றது. மற்ற எட்டுப் பேரும் கோச் ஃபிளாவியோ கோஸ்டாவும் அவ்வளவு தூரம் துரத்தப்படவில்லை.

இருபது வருஷம் கழித்து ஒரு கடையில் ஒரு பெண், தன் பிள்ளையிடம் இவரைக் காட்டி, 'பிரேசில் முழுவதையும் அழவைத்த ஆள் இவர்தான்' என்று சொன்னாளாம். அவரே சொன்னது. 1993இல் பிரேசில் அணி பயிற்சி செய்யும் இடத்துக்கு வாழ்த்துச் சொல்லப் போனவரை ராசி கெட்டவர் என்று உள்ளே விடவில்லை. பிரேசிலில் எந்தக் குற்றத்துக்கும் அதிகபட்ச தண்டனை 30 வருஷம், நான் 50 வருஷமாக அனுபவித்துக்கொண்டிருக்கிறேன் என்று சாவதற்குச் சற்று முன்னால் சொன்னார். அந்த இறுதி ஆட்டத்துக்கு முந்தைய வருஷம், 1949இல், தென் அமெரிக்கக் கோப்பையை பிரேசில் வென்றபோது கீப்பராக நின்றவரும் அவர்தான். அதை யார் ஞாபகம் வைத்திருந்தார்கள்?

18 ஏப்ரல், விடியற்காலை

கை நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். லியோனோடு இரண்டாவது ஆட்டம், 5-4!! 109வது நிமிடத்தில் 4-2 என்று பின்தங்கி, இரண்டு ஆட்டமும் சேர்ந்த மொத்தக் கணக்கில் 6-4. ஆட்கள் ஓல்டு டிராஃபோர்டை விட்டு எழுந்து போக ஆரம்பித்துவிட்டார்கள். 114இல் ப்ரூனோ பெனால்டி. 120இல் மைனூ. 121இல் காஸெமிரோ தூக்கிக் கொடுத்த பந்தைத் தலையால் முட்டி உள்ளே தள்ளியது யார்? மகுவையர்! தூங்கிக்கொண்டிருந்த என் அண்ணன் எழுந்து வந்து வீட்டில் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். நான் போட்ட சத்தம் அப்படி.

18 ஏப்ரல், மதியம்

கொஞ்சம் தூங்கி எழுந்துவிட்டேன். இப்போது நிதானமாக.

கோல் தேவைப்பட்டதால் பயிற்சியாளர் அமோரிம் ஒரு தடுப்பாட்டக்காரரைக் கொண்டுபோய் ஃபார்வர்டாக நிறுத்தினார். 2023இல் கிளப் கேப்டன் பட்டையைப் பிடுங்கி, வெஸ்ட் ஹாமுக்கு விற்கப் பார்த்த அதே மகுவையர்தான் அவர். அந்தப் பெனால்டியை வாங்கித் தந்ததும், கடைசி இரண்டு கோலுக்குப் பந்து கொடுத்ததும் காஸெமிரோ. போன வருஷம் கிரிஸ்டல் பேலஸில் 4-0 வாங்கியபோது 'கால்பந்தாட்டம் உன்னை விட்டுப் போவதற்கு முன்னால் நீ அதை விட்டுப் போ' என்று டிவியில் புத்தி சொல்லப்பட்டவர்.

இதேபோல் இன்னொரு ராத்திரி இருக்கிறது, 2023 அக்டோபர் 24. நம் பழைய நட்சத்திரம் பாபி சார்ல்டன் இறந்து மூன்றே நாள், மைதானமே துக்கத்தில் இருந்தது. கோபன்ஹேகனோடு சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். 72வது நிமிடத்தில் மகுவையர் தலையால் கோல். கடைசி நொடியில், 97வது நிமிடத்தில், அவர்களுக்குப் பெனால்டி. ஓனானா பாய்ந்து தடுத்தார். அந்த ராத்திரி இரண்டு பேரையும் தோளில் தூக்கினோம். ஒரு மாதம் கழித்து இஸ்தான்புல்லில் கலட்டாசராயோடு 3-3 ஆனபோது அதே ஓனானாவைக் கீழே போட்டோம்.

தோளில் தூக்குகிற வேகத்தைப் பற்றியும் யோசிக்கத்தான் வேண்டும். மகுவையர் நேற்று கோல் போட்டதால் நல்லவர் ஆகிவிடவில்லை. அந்தப் பந்து கம்பிக்கு மேலே போயிருந்தாலும் அவரை 2022இல் நடத்திய விதம் தப்புதான். 'பார், கடைசியில் நிரூபித்துவிட்டான்' என்று எழுதுகிறவர்களோடு நான் முழுக்க ஒத்துப்போக மாட்டேன். எதை நிரூபிக்க வேண்டியிருந்தது அவருக்கு?

(கானா நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் தங்கள் துணை அதிபரைத் திட்டுவதற்கு மகுவையர் பெயரைப் பயன்படுத்தினார். ஒரு வருஷம் கழித்து அவரே அதே சபையில் மகுவையரிடம் மன்னிப்புக் கேட்டார். மகுவையரும் ஓல்டு டிராஃபோர்டுக்கு வாருங்கள் என்று அழைத்தார். எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் இது. அவ்வளவு தூரத்து மனிதருக்கு இருந்த பண்பு மைதானத்திலேயே இருப்பவர்களுக்கும் வரட்டும்.)

20 ஏப்ரல்

"கூச்சல் போடுவதால் ஆட்டக்காரன் நன்றாக ஆடுவான், ரோஷம் வரும்" என்று ஒருவர். இதற்கு நான் நேரில் பார்த்ததைத்தான் சொல்ல முடியும்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரன். எங்கள் பக்கம் கோயில் திருவிழா வந்தால் கால்பந்துப் போட்டி கட்டாயம் உண்டு. ஒரு வருஷம் எங்கள் ஊர் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. நான் விங்கில் ஆடினேன். எங்கள் கீப்பர் விடியற்காலையில் வள்ளத்தில் போய்விட்டு வந்து மாலையில் கோலில் நிற்கிறவன். கிராஸ் பந்து வந்தால் 'கீப்பர்!' என்று ஒரு சத்தம் போடுவான் பாருங்கள், எங்கள் பேக்குகள் இரண்டு பேரும் உடனே ஒதுங்கிவிடுவார்கள், இவன் பறந்து வந்து எடுப்பான். அதுதான் எங்கள் அணியின் பலமே.

அன்று மழை பெய்து மணல் ஈரமாக இருந்தது. முதல் பாதியில் சாதாரணமாக உருண்டு வந்த பந்து ஒன்று அவன் நெஞ்சுக்குக் கீழே நுழைந்து போய்விட்டது. கோலுக்குப் பின்னால் நின்றது முழுக்க எங்கள் ஊர்க்காரர்கள். "ஏலே, கீப்பரை மாத்துங்கலே!" என்று ஆரம்பித்தார்கள். இரண்டாம் பாதியில் இடம் மாறியும் அவர்கள் அவனோடு கூடவே அந்தப் பக்கம் போய் நின்றார்கள். பேக் பந்தை அவனிடம் திருப்பிக் கொடுத்தால் போதும், 'ஐயோ' என்று மொத்தக் கூட்டமும் ஒரே குரலில் அலறும். பந்து கையில் இருக்கும்போதே! அவன் நிதானமாக எறிகிறவன், அன்று பந்து வந்த உடனே கண்ணை மூடிக்கொண்டு தூர உதைக்க ஆரம்பித்தான். எல்லாம் எதிரணிக்குப் போனது.

அப்புறம் ஒரு கிராஸ். அவன் வழக்கமாக எடுக்கிற உயரம். நான் நடுக்கோட்டுப் பக்கம் நின்று அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தமே வரவில்லை. பேக்குகள் இரண்டு பேரும் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கோட்டிலேயே நின்றான். எதிரணி ஃபார்வர்ட் குதித்துத் தலையால் முட்டிவிட்டான், 2-0, ஆட்டம் முடிந்தது.

முதல் கோல் அவன் தவறு. இரண்டாவது கோலை அவன் பின்னால் நின்று கத்தியவர்கள் போட்டார்கள் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். எதிரூர்க்காரர்கள் மறுபக்கம் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு வேலையே இல்லை. அடுத்த வருஷம் அவன் கிளவுஸை எடுக்கவில்லை. ஃபார்வர்டாக ஆடுகிறேன் என்றான்.

ரோஷம் வரும் என்பவர்கள் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

22 ஏப்ரல்

ஆர்சனல் ரசிகர் ஒருவர்: "உங்கள் கிளப் கதை இருக்கட்டும், எபுவேயைச் சொல்லுங்கள்."

சொல்ல வேண்டியதுதான். 2008 டிசம்பர், விகனோடு ஆட்டம். காயத்திலிருந்து திரும்பியிருந்த எபுவே, நஸ்ரிக்குப் பதிலாக ஆட்டத்தின் நடுவே இறங்கி, தனக்குப் பழக்கமில்லாத இடது பக்கம் ஆடினார். பாஸ் தவறியது, சொந்த அணிக்காரரோடேயே மோதினார், கூச்சல் ஏற ஏற இன்னும் தவறியது. கடைசியில் மாற்று ஆளாக வந்தவரையே வெளியே எடுத்தார் பயிற்சியாளர் வெங்கர். அவர் வெளியே வருவதைப் பார்த்து எமிரேட்ஸ் மைதானம் மகிழ்ந்து கூவியது. இதில் என்னால் மறக்க முடியாதது, ஆர்சனல் அன்று 1-0 என்று ஜெயித்தது! ஜெயிக்கும்போதே ஒருவனைத் தேடிப் பிடித்தார்கள் என்றால், தோல்விக் கோபம் என்று சாக்குச் சொல்ல முடியாதே.

அதே மைதானத்தில் 2019 அக்டோபரில் கேப்டன் ஜாகா. கூச்சலுக்கு நடுவே வெளியே வந்தவர் காதில் கை வைத்துக் காட்டி, கேப்டன் பட்டையை எறிந்து, ஜெர்சியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார். பட்டை பறிபோனது. உன் மகளுக்குப் புற்றுநோய் வரட்டும் என்று தனக்குச் செய்தி வந்ததை அப்புறம்தான் அவர் வெளியே சொன்னார். அந்த மகள் அப்போது கைக்குழந்தை. அவருக்குப் பதிலாக அன்று இறங்கிய பையன் புகாயோ சாகா. சாகாவுக்கு 2021இல் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஜாகா 2023இல் லெவர்குஸனுக்குப் போய் முதல் வருஷமே ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் ஜெர்மன் லீக்கை வென்றார்.

23 ஏப்ரல்

"எல்லாவற்றையும் இனவெறி என்று முடித்துவிடாதீர்கள்" என்று நேற்றே ஒருவர் எழுதியிருந்தார்.

எல்லாவற்றையும் என்று நான் சொல்லவில்லை. மகுவையர், 1998 உலகக் கோப்பைக்குப் பிறகு துரத்தப்பட்ட பெக்காம் இருவருமே வெள்ளையர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2021 ஜூலை 11, வெம்ப்ளியில் இத்தாலியோடு யூரோ இறுதி ஆட்டத்தில் பெனால்டியைத் தவறவிட்டவர்கள் ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாகா. அந்த ராத்திரியே மூன்று கறுப்புப் பிள்ளைகளின் தோல் நிறத்தைச் சொல்லி வசை மழை. சாகாவுக்கு வயது 19. வெள்ளை ஆட்டக்காரன் தவறினால் அவனுடைய ஆட்டம் மோசம் என்பார்கள், நிறம் வேறு என்றால் நீ எங்கள் ஆளே இல்லை என்பார்கள். ஜெயித்தால் ஜெர்மன், தோற்றால் வந்தேறி என்று 2018இல் மெசுட் ஓசில் எழுதிவிட்டு ஜெர்மன் அணியிலிருந்து விலகியது இதைத்தான்.

இதற்கு மாற்று வழி ஒன்றும் அதே 2018 உலகக் கோப்பையில் நடந்தது. ஸ்வீடனின் ஜிம்மி துர்மாஸ் கடைசி நிமிடத்தில் செய்த ஃபவுலில்தான் ஜெர்மனியின் டோனி குரூஸ் 95வது நிமிடம் கோல் போட்டார். துர்மாஸின் பெற்றோர் துருக்கியிலிருந்து வந்தவர்கள், உடனே ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாள் அவர் நிருபர்கள் முன்னால் ஒரு தாளை வைத்துப் படித்தார், மொத்த அணியும் அவர் பின்னால் நின்றது. படித்து முடித்ததும் எல்லோரும் சேர்ந்து இனவெறிக்கு எதிராக ஒரே குரலில் கத்தினார்கள். அடுத்த ஆட்டத்தில் மெக்சிகோவை 3-0 என்று அடித்து குரூப்பில் முதலிடம். ரோஷம் என்று சொன்னீர்களே, அது இப்படித்தான் வரும்.

24 ஏப்ரல்

"வாய்ப்பேச்சுதானே, உயிரா போய்விடும்" என்று எழுதியவருக்கு: கொலம்பியாவின் ஆந்த்ரெஸ் எஸ்கோபார். 1994 உலகக் கோப்பை, ஜூன் 22 அமெரிக்காவோடு சேம் சைடு கோல். ஜூலை 2 மெடலின் நகரில் சுட்டுக் கொன்றார்கள். சூதாட்டம், போதைக் கும்பல் என்று பின்னணி பேசப்பட்டது, இருக்கட்டும். அந்த ராத்திரி தகராறு தொடங்கியது அந்தக் கோலைச் சொல்லித்தான். தயவுசெய்து அந்த வரியை இனி எழுதாதீர்கள்.

27 ஏப்ரல்

பெக்காமைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். 1998 உலகக் கோப்பை, ஜூன் 30, அர்ஜென்டினாவோடு அவர் சிவப்பு அட்டை வாங்கினார். லண்டனில் ஒரு மதுக்கடை முன்னால் அவர் உருவப் பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். அடுத்த சீசன் முழுக்க ஊர் ஊராகத் துரத்தினார்கள். சரி, அந்த ஆட்டத்தை இங்கிலாந்து தோற்றது எதில்? பெனால்டியில். தவறவிட்டவர்கள் இரண்டு பேர். பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்.

28 ஏப்ரல்

நிறையப் பேர் முயன்றும் ஒருவர்தான் சரியாகச் சொன்னார். பால் இன்ஸ், டேவிட் பேட்டி.

பாஜியோவையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். 1994 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் 'பாஜியோ தவறவிட்டதால் இத்தாலி தோற்றது' என்று வாசகர் ஒருவர் எழுதியிருப்பது பாதிதான் சரி. அவருக்கு முன்னால் பரேசியும் மஸ்ஸாரோவும் தவறவிட்டார்கள். பாஜியோ போட்டிருந்தாலும் பிரேசிலுக்கு இன்னும் ஒரு உதை பாக்கி இருந்தது. நைஜீரியா, ஸ்பெயின், பல்கேரியா என்று நாக்-அவுட்டில் ஐந்து கோல் போட்டு அணியை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவரே அவர்தான். பெனால்டி அடிக்க முன்வருகிறவன்தான் பெனால்டியைத் தவறவிட முடியும். பந்து வேண்டாம் என்று ஒதுங்கி நிற்பவனை நாம் ஒருநாளும் திட்டியதில்லை, அவன் நம் கண்ணிலேயே படுவதில்லை. பேயர்னோடு 4-3 தோற்ற அன்று ஓனானா தானாகவே கேமரா முன்னால் வந்து, என்னால்தான் ஜெயிக்கவில்லை என்றார். அந்த நேர்மைக்கு நாம் கொடுத்த கூலி, அதற்கடுத்த ஒன்றரை வருஷமும் அந்த வாக்கியத்தையே அவர் மேல் திருப்பி வீசியது.

22 மே

பில்பாவோவில் யூரோப்பா லீக் இறுதி, டாட்டன்ஹாமோடு 1-0 தோல்வி. கோப்பை போச்சு. பிரென்னன் ஜான்சன் கோல் போடும்போது பந்து நம் தடுப்பாட்டக்காரர் ஷா மேல் பட்டது என்று இப்போது ஷாவைப் பிடித்திருக்கிறார்கள். அவர் மேல் படாமலே விழுந்திருந்தால் யாரைப் பிடித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. இன்று இதற்கு மேல் எழுத மனமில்லை.

24 மே

நாப்போலி இத்தாலிய லீக்கை வென்றுவிட்டது. காலியாரியோடு அந்தரத்தில் படுத்து கோல் போட்டவர் ஸ்காட் மெக்டாமினே. லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். நம்மிடம் இருந்தபோது ஃப்ரெட் பெயரோடு இவர் பெயரையும் ஒட்டி ஒரு கேலிப்பெயர் வைத்து, நடுக்களத்துக் கோளாறு அத்தனையையும் அந்த இரண்டு பேர் தலையில் கட்டினோம். இருவரும் போய்விட்டார்கள். நடுக்களம் சரியாகிவிட்டதா?

26 மே

சீசன் முடிந்தது. 15வது இடம், 42 புள்ளி, லீக்கில் மட்டும் 18 தோல்வி. 18 தோல்வியை ஒரு கீப்பரோ ஒரு தடுப்பாட்டக்காரரோ தனியாக உண்டாக்க முடியாது. கடன் வாங்கிக் கிளப்பை வாங்கி, அந்தக் கடனையும் கிளப் தலையிலேயே ஏற்றிய கிளேசர் குடும்பம் வந்து இந்த மாதத்தோடு 20 வருஷம். ஊழியர்கள் நூற்றுக்கணக்கில் வேலை இழந்தார்கள். சீசன் நடுவில் டிக்கெட்டை 66 பவுண்டு ஆக்கி, குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இருந்த சலுகையையும் எடுத்தார்கள். இதற்கெல்லாம் எதிராக வீதியில் இறங்கிய ரசிகர்களும் இதே ஓல்டு டிராஃபோர்டில் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் வணக்கம். நாம் ஓனானாவைக் கிழித்துக்கொண்டிருந்த ஒவ்வொரு வாரமும் மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு வாரம் நிம்மதி.

இப்போது முறை நம் ஃபார்வர்ட் ஹோய்லுண்டுக்கு. லீக்கில் நாலே கோல், விற்றுவிடு என்று காலையிலிருந்து எழுதுகிறார்கள். வயது 22. பில்பாவோவில் அவர் தலையால் முட்டிய பந்தை வான் டி வென் கோட்டிலிருந்து காலைத் தூக்கி எடுத்தாரே, அதைப் பார்க்காதவர்கள் பாருங்கள். அப்புறம் யாராவது பொறுமையாக உட்கார்ந்து இந்த சீசன் ஆட்டங்களைத் திரும்பப் போட்டு, ஓர் ஆட்டத்துக்கு எத்தனை நல்ல பந்து அந்தப் பையன் காலுக்கு வந்தது என்று எண்ணி எழுதுங்கள். ஆகஸ்டுக்குள் முடியும். நான் நியூகாசில் ஆட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.